ஓதற்பிரிவும் பொருள்வயிற் பிரிவும்: தீவக மாணவரும் பிறநாட்டுக் கல்வியும்

கல்வியின்பொருட்டு வீட்டையும் ஊரையும் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர் ஓதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். பகை, தூது, பொருள் முதலியவை ஏனைய காரணங்கள். அவற்றை ஒன்றோடொன்று மயக்காது தனித்தனியே வகுத்ததோடு அவர் அமையவில்லை. ஓதற்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்றும், கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டுகளைக் கடவாது என்றும் வரையறை செய்தார். சங்க அகப்பாடல்களை நோக்குமிடத்து, பொருள்வயிற் பிரிவைப் பாடியவை மிகப் பலவாகவும் ஓதற்பிரிவைப் பாடியவை மிக அருகியும் இருத்தலைக் காணலாம். கற்கச் சென்றவன் குறித்த காலத்தில் மீள்வான் என்ற உறுதி இருந்தமையால், அப்பிரிவு புலவர் நெஞ்சை அத்துணை வருத்தவில்லை போலும்.

இலக்கணத்தில் இவ்வாறு தெளிவாக வேறுபட்டு நின்ற பிரிவுகள் இன்றைய வாழ்க்கையில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் அனுமதிக் கடிதத்துடன் கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடையும் இளைஞன் ஓதற்குச் செல்கின்றானா, பொருளுக்குச் செல்கின்றானா, அன்றி ஏதோவொன்றிலிருந்து தப்பிச் செல்கின்றானா என்பதைச் சில வேளைகளில் அவனே அறியான். எந்த நாட்டைத் தெரிவுசெய்வது என்ற வினாவுக்கு விடை கூறுவோர் இன்று பலருளர். கட்டணம், மொழி, காலநிலை, பட்டத்தின் மதிப்பு, படிப்பின் பின் வேலை செய்ய அனுமதிக்கப்படும் காலம் என்பவற்றை அவர்கள் அட்டவணையிட்டுக் காட்டுவர். அவை பயனுடைய செய்திகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் அடியில் ஓர் ஒழுக்கவியல் வினா மறைந்து கிடக்கின்றது.

ஒரு செயலைத் தூண்டியது எது என்பது ஒரு வினா. அச்செயலை நியாயப்படுத்துவது எது என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை காரணம். பின்னதற்கு விடை நியாயம். மாமனார் மகன் ரொறன்ரோவில் இருப்பது ஒருவன் கனடாவைத் தெரிவதற்குக் காரணமாகலாம். அது அத்தெரிவிற்கு நியாயமும் ஆகுமா? காரணம் இருந்தாலே போதும், நியாயம் வேண்டியதில்லை என்று கொள்வோர் உளர். காரணங்கள் அனைத்தையும் குற்றமாகக் கருதி, சென்றவர் எல்லாரையும் ஊரைத் துறந்தவர் எனப் பழிப்போரும் உளர். இவ்விரு நிலைகளும் பொருந்தாதவை என்பதைத் தீவகத்தின் வரலாறு நன்கு உணர்த்தும்.

கடல் சூழ்ந்த ஊரும் கல்வியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கேயும் தென்மேற்கேயும் பரந்து கிடப்பவை இத்தீவுகள். ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த பெருந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அவற்றுட் சில. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்கு இட்டனர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு முதலியனவும் அவ்வாறே புதுப்பெயர் பெற்றன. ஒல்லாந்து நாட்டு லைடனில் 1575இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் புகழ்பெற்ற கல்வி நிலையங்களுள் ஒன்று. அந்நாட்டு டெல்வ்ற் நகரில் 1842 முதல் தொழில்நுட்பக் கல்வி வளர்ந்து வந்துள்ளது. இவ்வாறு தீவகத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் ஒன்றைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே பல்கலைக்கழக நகரொன்றின் பெயரைத் தன் முகவரியில் எழுதப் பழகிற்று. அப்பெயரை அப்பிள்ளை தெரிந்தெடுக்கவில்லை, பிறர் இட்டனர். பிற்காலத்தில் தீவகத்தார் சென்று சேர்ந்த நாடுகளுட் பலவும் அவ்வாறே பிறரால் தீர்மானிக்கப்பட்டவை என்பது கருதத்தக்கது.

பிரிவு தீவகத்தார்க்குப் பழகிய ஒன்று. ஊர்காவற்றுறை யானைகளைக் கப்பலேற்றிய துறையாகப் போர்த்துக்கேயர் காலத்தில் விளங்கிற்று. தென்னிந்தியத் துறைகளோடு பாய்க்கப்பல் வாணிகம் அங்கு நெடுங்காலம் நடைபெற்றது. மழையை நம்பிய சிறு பயிர்ச்செய்கையும் நன்னீர்த் தட்டுப்பாடும் உடைய மண்ணிலிருந்து புங்குடுதீவாரும் வேலணையாரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தச் சென்றனர். அது பொருள்வயிற் பிரிவு. அதனை எவரும் வேறு பெயரிட்டு மறைக்கவில்லை.

கல்விக்கான பிரிவும் இளமையிலேயே தொடங்கிவிடும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும்; கடல் கொந்தளிக்கும் நாட்களில் அப்பயணமும் தடைப்படும். விஞ்ஞானமோ கணிதமோ உயர்தரத்திற் கற்க விரும்பிய பிள்ளைகள் பலர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்க நேர்ந்தது. ஆதலின் நெடுந்தீவுப் பிள்ளைக்கு யாழ்ப்பாண நகரமே முதற் பிறநாடு எனலாம். இலண்டனும் மெல்பேணும் அப்பயணத்தின் தொடர்ச்சியே.

இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தார் சென்னையை நாடினர். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர் என்பது யாவரும் அறிந்தது. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மாணவரை இலண்டன் பட்டத்திற்கே ஆயத்தம் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1942இல். அதுவரை பட்டக்கல்வியை நாடியோர்க்குப் பிறநாடு தெரிவு அன்று, தேவை. இல்லாததைத் தேடிச் செல்வதற்கு வேறு நியாயம் கூற வேண்டியதில்லை.

தனிநாயகம் அடிகளின் மூன்று பயணங்கள்

கல்விக்காக நாடு கடந்த தீவகத்தாருள் தனிநாயகம் அடிகளின் வாழ்க்கை இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்யும். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த அவர், தந்தைவழி நெடுந்தீவோடு தொடர்புடையவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றபின் குருத்துவக் கல்வியை மேற்கொண்ட அவர், உயர்கல்விக்கென மூன்று முறை கடல் கடந்தார். அம்மூன்றிற்கும் காரணங்கள் வேறு, நியாயங்களும் வேறு.

முதற் பயணம் உரோமாபுரிக்கு. குருத்துவத்தை நாடிய இளைஞனுக்குத் திருச்சபை திறந்துவிட்ட வழி அது. ஆங்குக் குருப்பட்டமும் இறையியற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் வட ஆபிரிக்காவின் தொன்மையான கார்த்தேசு நகரத்துக் குருமாரைப் பற்றியது. அந்நாட்டை அவரே பலவற்றுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்தார் என்பதிலும், அவர் ஏற்ற பணி அவரை அங்கு அழைத்துச் சென்றது என்பதே பொருந்தும்.

இரண்டாம் பயணமே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஐரோப்பியக் கல்வியின் உயர்ந்த பட்டத்துடன் திரும்பியவர் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். இலத்தீனும் இத்தாலியமும் கற்ற தமக்குத் தம் தாய்மொழியின் இலக்கியத்தில் போதிய பயிற்சி இல்லை என்பதை அங்கு உணர்ந்தார். பண்டிதர் ஒருவரை அடுத்துத் தமிழ் பயின்றதோடு அமையாது, 1945இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. தம்மினும் பல ஆண்டு இளையோருடன் அமர்ந்து முதுகலைப் பட்டத்திற்குக் கற்று, பின்னர்ப் பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் பொருளில் ஆய்வுப் பட்டமும் பெற்றார்.

உலகியல் நோக்கிற் பார்ப்பின் இது பின்னோக்கிய பயணம். உரோமாபுரியில் கலாநிதியான ஒருவருக்குச் சிதம்பரத்து முதுகலைப் பட்டம் எந்த உயர்பதவியையும் கூட்டித் தரவல்லதன்று. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் சிதம்பரம் செல்வம் மிக்க ஊரும் அன்று. ஆயினும் அவர் எழுப்பிய வினாவுக்குரிய விடை அங்கேயே இருந்தது. அதனால் அங்குச் சென்றார். வினாவே நாட்டைத் தெரிந்தெடுத்தது என்று கூறுதல் பொருந்தும். ஓதற்பிரிவின் தூய வடிவத்தைக் காண விரும்புவோர் அதனை இப்பயணத்திற் காணலாம்.

மூன்றாம் பயணம் இலண்டனுக்கு. பேராதனையில் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்த காலத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பொருள் தமிழருடையது, ஆராய்ச்சி முறை ஐரோப்பாவுடையது. வெளிநாட்டுக் கல்வியினால் அவர் ஊரிலிருந்து விலகினார் என்று எவரும் கூறார். லிஸ்பனில் 1554இல் அச்சான தமிழ் நூலையும், 1679இல் அச்சான புறோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் தமிழுலகம் மீண்டும் அறியச் செய்தவர் அவர். அவ்வகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. ஐரோப்பிய மொழிகளையும் தமிழையும் ஒருங்கே கற்ற ஒருவராலன்றி அப்பணி கைகூடியிராது. 1964இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் மாநாடும் அவர் முயற்சியின் பெரும்பயன்கள்.

ஆயினும் அடிகளாரின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்து இன்றைய மாணவரை அளத்தல் முறையன்று. அவர் துறவி. அவருடைய உழைப்பை நம்பிக் கரம்பனில் தங்கைமார் சீதனத்திற்குக் காத்திருக்கவில்லை. திருச்சபை அவருக்கு உணவும் உறையுளும் அளித்தது. பொருட்கவலை நீங்கிய ஒருவருக்கே ஓதற்பிரிவு இத்துணைத் தூய்மையாக வாய்த்தது என்பதை மறத்தலாகாது. அதனை உயர்ந்தோர்க்கு உரியதாக இலக்கணம் வரையறுத்ததன் உட்பொருளும் இதுவாதல் கூடும்.

அடைக்கப்பட்ட கதவுகள்

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அவ்வரையறையை உடைத்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று நடத்திய அச்சீர்திருத்தமும் மத்திய கல்லூரித் திட்டமும் கமக்காரன் பிள்ளைக்கும் கடற்றொழிலாளி பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாயிலைக் காட்டின. வேலணையிலும் மத்திய கல்லூரி ஒன்று எழுந்தது. ஆயின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் அவ்வாயில் குறுகிற்று.

1971இல் தரப்படுத்தல் புகுந்தது. அவ்வாண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 400 புள்ளிகளுள் 250 பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் தோற்றியவர்க்கு 227 போதுமாயிற்று. மருத்துவத்திற்கு அவ்வெல்லைகள் முறையே 250, 229 ஆக இருந்தன. 1974இல் மாவட்ட அடிப்படையிலான பங்கீடு அதனைத் தொடர்ந்தது. பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பளித்தல் என்ற கொள்கை தன்னளவில் நீதியானதே. ஆயின் அளவுகோலின் அலகு மாவட்டமாக இருந்தமையால், ஆய்வுகூடம் அரிதான நெடுந்தீவும் புகழ்பெற்ற கல்லூரிகள் நிறைந்த யாழ்ப்பாண நகரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. ஒரு பிள்ளை தமிழ்மொழி மூலம் கற்றமையால் ஒருமுறையும், முன்னேறிய மாவட்டத்தின் பின்தங்கிய மூலையிற் பிறந்தமையால் மறுமுறையும் இழப்புற்றது.

கதவு அடைபட்டவன் வேறு கதவைத் தட்டுவான். வசதி படைத்தோர் பிரித்தானியாவுக்குச் சென்று கணக்கியலும் பொறியியலும் பயின்றனர். இடதுசாரித் தொடர்புடையோர்க்கும் வறியோர் சிலர்க்கும் 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்டுப் பின்னர் லுமும்பாவின் பெயரைத் தாங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசில் கைகொடுத்தது. தமிழகத்துக் கல்லூரிகள் அண்மையில் இருந்தன. இவர்களுள் எவரும் நாடுகளை ஒப்புநோக்கிச் சிறந்ததைத் தெரிந்தவர் அல்லர். திறந்திருந்த கதவினுள் நுழைந்தவர்களே. 1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டமை ஓரளவு ஆறுதல் அளித்தது; ஆயினும் தேவைக்கு அது போதவில்லை.

பின்னர் வந்தது போர். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். கல்விக்கும் மருத்துவத்திற்கும் கடந்து வந்த நீர்வழியே கொலைக்களமாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கைகளின்போது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதி மக்களிற் பெரும்பாலோர் வெளியேறினர். வெறுமையுற்ற அவ்வூர்களின் துயரத்தைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தம் ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுதியிற் பதிவுசெய்தார். பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் அக்காலத்திற் சென்றோரை ஓதற்பிரிவிலோ பொருள்வயிற் பிரிவிலோ அடக்குதல் இயலாது. இலக்கணம் கூறும் பகைவயிற் பிரிவும் அதுவன்று. அது படையெடுத்துச் செல்வோனுக்குரியது. படைக்கு அஞ்சி ஓடுவோனின் பிரிவுக்குத் தொல்காப்பியர் பெயரிடவில்லை. உயிர் காத்தலே அதற்கு நியாயம். வேறு நியாயம் கேட்போர் நீதியுணர்வு அற்றவராவர்.

இன்றைய தெரிவு

போர் 2009இல் முடிந்தது. கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும் கையிலுள்ள இன்றைய தீவக மாணவன் தெரிவு என்ற சொல்லுக்குத் தன் முன்னோரைவிட அண்மையில் நிற்கின்றான். ஆயின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சி அத்தெரிவை மீண்டும் நெருக்கிற்று. ஏறத்தாழ 200 ரூபாவுக்கு வாங்கப்பட்ட அமெரிக்க டொலர் அவ்வாண்டில் 360 ரூபாவை அண்மித்தது. பிறநாட்டுக் கட்டணம் எட்டாததாயிற்று. பிறநாடு செல்லும் ஆவலோ பன்மடங்காயிற்று.

தீவக வீடுகளில் பிள்ளையின் வெளிநாட்டுக் கல்வி பேசப்படும்போது முதலில் எழும் வினா ‘அங்கை ஆர் எங்கட ஆக்கள் இருக்கினம்?’ என்பதே. பாடமும் பல்கலைக்கழகமும் அதன் பின்னரே வரும். இவ்வினாவை எள்ளுதல் தகாது. தனியே சென்று இறங்கும் மகளுக்கோ மகனுக்கோ முதல் மாதம் உணவளிக்கவும், நோயுற்றால் பார்க்கவும் ஒரு வீடு வேண்டும் என்ற கவலை அதிலுள்ளது. புங்குடுதீவார் ஒருவருக்கு ரொறன்ரோவில் ஓர் ஊரே உண்டு. அது போரினால் உருவான செல்வம். எனினும் உறவினர் இருக்குமிடம் என்பது பயணத்திற்குத் துணையாகுமேயன்றிக் கல்விக்கு நியாயமாகாது. யேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை. பொறியியல் கற்க விழையும் ஏழை மாணவனுக்கு அது நல்வழியாகலாம். ஆயின் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும். மொழியையும் உழைத்துக் கற்க வேண்டும். கற்க வேண்டுமென்ற எண்ணம் முதன்மையாக உள்ளவனுக்கு அவ்வுழைப்பு தடையாகாது. கல்வியைத் தோணியாக மட்டும் கருதுவோனுக்கு அது வீண்சுமையாகத் தோன்றும்.

கல்வியும் பொருளும் மயங்கியமைக்கு மாணவனை மட்டும் குறைகூறுதல் ஒருதலைப்பட்சமாகும். ஓதலைப் பண்டமாக மாற்றும் முயற்சியில் அழைக்கும் நாடுகளே முந்திக்கொண்டன. பிரித்தானியா 1967இல் பிறநாட்டு மாணவர்க்கு வேறு கட்டணம் விதித்தது. 1980 முதல் முழுச்செலவையும் அவர்களிடமே அறவிட்டது. கட்டணத்தை வரவேற்றுக் கட்டணம் செலுத்துவோரை ஐயுறும் விந்தையான நிலை அதன்பின் வளர்ந்தது. 2024 சனவரியில் ஆய்வுப் பட்டங்கள் போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய பாடநெறிகளுக்கு வருவோர் குடும்பத்தாரை அழைத்துவருதலை அந்நாடு தடுத்தது. தலைவியை உடன்கொண்டு கடல் கடத்தல் வழக்கமன்று என்ற பழைய விதி புதிய வடிவில் மீண்டது போலும்! அதே மாதத்தில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்ததோடு, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆக உயர்த்திற்று. அவுஸ்திரேலியா அவ்வாண்டு யூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை 710 அவுஸ்திரேலிய டொலரிலிருந்து 1,600 ஆக்கிற்று.

அவுஸ்திரேலியா அவ்வாண்டிலேயே செய்த மற்றொரு மாற்றம் சிந்திக்கத்தக்கது. அதுவரை விண்ணப்பதாரர் தாம் தற்காலிகமாகவே தங்க வருவதாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் அந்நிபந்தனை நீக்கப்பட்டு, உண்மையான மாணவராக இருத்தல் என்ற நிபந்தனை இடப்பட்டது. பின்னர் தங்கிவிட விரும்புவது குற்றமன்று, கற்க வருவதாகக் கூறிக் கல்லாதிருப்பதே குற்றம் என்று ஓர் அரசே வேறுபடுத்திக் காணத் தலைப்பட்டது. பழைய இலக்கணத்தின் பகுப்பு குடிவரவுச் சட்டத்தினுள் இவ்வாறு புகுந்தது வியப்பே.

யாருக்குச் சொல்ல வேண்டிய நியாயம்?

1945இல் பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில் ழோன் போல் சார்த்தர் தம் மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். தமையன் போரில் இறந்தான். தாய் இவனையே நம்பி வாழ்ந்தாள். இங்கிலாந்து சென்று விடுதலைப் படையிற் சேர்வதா, தாயுடன் இருப்பதா என்று அவன் ஆசிரியரை வினவினான். எந்த அறநூலும் இதற்கு விடை கூறாது. நீ சுதந்திரமானவன், நீயே தெரிந்துகொள் என்பது சார்த்தரின் விடை. தீவகத்திலும் இத்தகைய பிள்ளைகள் பலர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சார்த்தரின் மாணவன் தான் எவ்விரண்டிற்கு இடையே நிற்கின்றான் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தான். தீவக மாணவனுக்கோ கல்வி, பொருள், குடிபெயர்வு ஆகிய மூன்றும் ஒரே பயணச்சீட்டில் மடித்துக் கொடுக்கப்படுகின்றன. தான் தெரிவது எது என்பதை அறியாதவனின் சுதந்திரம் பெயரளவிலான சுதந்திரமே.

பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கம் வெளிப்படையாகக் கூறப்பட முடியாததாயின் அச்செயல் நீதியானதன்று என்று இமானுவேல் காண்ட் 1795இல் எழுதினார். அவர் அதனை அரசுகளின் நடத்தை பற்றியே கூறினார்; ஆயினும் வீட்டிற்கும் அது பொருந்தும். மாணவனின் பயணத்தில் எவருடைய உரிமை தொடப்படுகின்றது? அடகு வைக்கப்பட்ட தாயின் தாலிக்கொடி, ஈடு வைக்கப்பட்ட காணி, இரவுப்பணி செய்து பணம் அனுப்பும் அக்காவின் உழைப்பு, அவனுக்குப் பதின்மூன்று ஆண்டு இலவசமாகக் கற்பித்த பாடசாலை, அப்பாடசாலைக்கு வரி செலுத்திய பொதுமக்கள் ஆகியோரின் உரிமைகள். இவர்களிடம் தன் நோக்கத்தை அவன் மறைக்காது கூற முடியுமாயின் அத்தெரிவு நேரியது. ‘படிக்கப் போகவில்லை அம்மா, உழைக்கப் போகின்றேன், படிப்பு அதற்கு வழி’ என்று ஒருவன் உண்மை கூறுவானாயின் அதிலும் இழிவில்லை. பொருள்வயிற் பிரிவு தமிழ் மரபு ஏற்றுக்கொண்ட பிரிவே.

மறைப்பதனால் விளையும் கேடுகள் பல. பொருளை நாடுபவன் விருப்பமற்ற பாடமொன்றிற் சேர்ந்து, பகலில் தூங்கி இரவில் கடையொன்றில் நின்று, ஈற்றில் பட்டமும் இன்றி மிச்சப் பணமும் இன்றி நிற்கும் நிலை அரிதன்று. கல்வியும் போயிற்று, பொருளும் போயிற்று. கடன் மட்டும் ஊரில் எஞ்சிற்று. அத்துடன், உண்மையாகவே கற்க விரும்பும் அடுத்த பிள்ளையின் விண்ணப்பத்தை அதிகாரி ஐயத்துடன் நோக்கவும் அவன் காரணமாகின்றான். ஒருவனின் பொய் மற்றொருவளின் வாய்ப்பைத் திருடிவிடுகின்றது. காணாத ஒருவருக்குச் செய்யும் அநீதியாதலால் இது எளிதில் மனச்சாட்சியை உறுத்துவதில்லை.

இனி, இலவசக் கல்வி பெற்றவன் நாட்டிற்கு மீண்டே ஆக வேண்டும் என்ற வாதத்தை நோக்குவோம் எனின், அது முழுமையானதன்று. பல்கலைக்கழகக் கதவை மொழியாலும் மாவட்டத்தாலும் அடைத்த அரசு, பின்னர் நன்றியை வற்புறுத்தும் தகுதியை இழக்கின்றது. நன்றி அரசுக்கு உரியதன்று என்பதனால் எவருக்கும் உரியதன்று என்றாகிவிடாது. கடற்காற்றில் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்கு வந்த ஆசிரியருக்கு உரியது அது. அவரிடம் கற்க இப்போது அமர்ந்திருக்கும் சிறு தொகைப் பிள்ளைகளுக்கும் உரியது.

ஊரிலேயே நின்றவர்களின் வாழ்க்கையும் இங்கு நினைக்கத்தக்கது. 1935இல் புங்குடுதீவிற் பிறந்த மு. தளையசிங்கம் பேராதனையிற் பட்டம் பெற்று ஆசிரியரானவர்; தமிழில் மெய்யியல் நோக்குடன் எழுதியவர்களுள் தனித்துவம் மிக்கவர். பொதுக் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டமையை எதிர்த்து அவர் தம் ஊரிலேயே சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். 1973இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய சிந்தனை உலகு தழுவியது. அவருடைய போராட்டமோ ஒரு கிணற்றடியில் நிகழ்ந்தது. கரம்பனிற் பிறந்தவர் உலகெங்கும் சென்று தமிழைத் தேடினார். புங்குடுதீவிற் பிறந்தவர் ஊரில் நின்று நீதியைத் தேடினார். இருவருள் எவர் சிறந்தவர் என்ற வினா பயனற்றது. இருவரும் தாம் எதன்பொருட்டு அவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதை அறிந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சிலவே. கதவடைக்கப்பட்டோர்க்கும் உயிருக்கு அஞ்சி ஓடியோர்க்கும் நாட்டுத் தெரிவு என்ற சொல்லே பொருந்தாது. அவர்களிடம் நியாயம் கேட்டல் தகாது. தெரிவு உடையோரே நியாயம் கூறக் கடமைப்பட்டோர். அவர்களுள் கற்கச் செல்வோன் முதலில் தன் வினாவைத் தெரிதல் வேண்டும். நாட்டை அது காட்டும். கடல்சார் உயிரியலோ, வரண்ட நிலத்து நீர் முகாமைத்துவமோ, பழைய ஒல்லாந்த ஆவணங்களோ ஒருத்தியின் ஆர்வமாயின், நோர்வேயும் இந்தியாவும் நெதர்லாந்தும் அவளுக்குப் பொருளுடைய பெயர்களாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே போதுமாயின், வெளிநாடு என்பதற்காக மட்டும் வெளிநாடு செல்லல் வேண்டா. பொருளுக்குச் செல்வோன் பொருளுக்கென்றே செல்க. தன்னைத் தாங்குவோரிடம் அதனைக் கூறுக. கல்வியை முகமூடியாக்காது ஒழிக.

ஓதற்பிரிவுக்கு வகுத்த மூன்றாண்டு எல்லை இன்று உடம்பாற் கடைப்பிடிக்கக் கூடியதன்று. தங்கிவிட்டவனும் மீளலாம், தன் துறை நூல்களைத் தமிழில் ஆக்குவதாலும், நெடுந்தீவுப் பாடசாலைக்கு ஓர் ஆய்வுகூடம் அமைப்பதாலும், அடுத்த பிள்ளைக்கு உண்மையான வழி கூறுவதாலும் மீளலாம். இவற்றுள் இறுதியது செலவற்றது. எனினும் அதுவே அரிதாக உள்ளது. பனிக்காலத் துன்பத்தையும் கடன்சுமையையும் மறைத்து மகிழ்ச்சியான நிழற்படங்களை மட்டும் ஊருக்கு அனுப்புவோர், தாம் ஏமாந்ததுபோல் இன்னொரு பிள்ளையும் ஏமாறத் துணைபோகின்றனர். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்குச் சென்றவர் செய்யக்கூடிய முதல் உதவி, தாம் சென்ற காரணத்தையும் கண்ட உண்மையையும் ஒளியாது உரைத்தலே ஆகும்.